கையால் ஒரு சுற்று

பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த, பானை வனையும் மின் சக்கரத்தைத் திரும்ப எடுப்பவர்கள் முதல் வேலையாக ப்ளக்கைச் செருகிப் பெடலை மிதிக்கிறார்கள். சுற்றவில்லை என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். போர்டின் விலையை விசாரித்த கையோடு தார்ப்பாய் மறுபடியும் மேலே ஏறிவிடுகிறது. அப்படி மூடப்பட்ட சக்கரங்களைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மோட்டாருக்குள் ஒரு சிறு கரிக்கட்டி இருந்த இடத்தில் இறுகிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

வேறு வழி இருக்கிறது என்பதைப் புதுச்சேரியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். நண்பர் ஒருவரின் சக்கரம் கடற்கரையை ஒட்டிய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில், 2020 ஊரடங்குக்கு முன்பிருந்தே சும்மா கிடந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் கையிலிருந்த ஆர்மேச்சரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மொதல்ல கரண்டு குடுக்காதீங்க தம்பி. கையால சுத்திப் பாருங்க. பாதி அதுவே சொல்லிடும்."

இந்த ஊரில் அப்படிக் கிடக்கும் சக்கரங்கள் பல. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் ஆரோவில்லிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தப் பட்டறை போட்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே இது சக்கரத்தின் ஊர்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த, உள்தளத்தில் புள்ளிவரிசை ஓடும் மெல்லிய தட்டுகள் சக்கரத்தில் வனைந்தவை. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்குள்ளேயே குயவர்பாளையம் என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் மண்ணுக்கு வாகான இந்தக் கரை மோட்டாருக்கு வாகானதில்லை. உப்புக்காற்று தார்ப்பாய்க்குள்ளும் போகும். ஐப்பசி மழைக்குப் பிறகு கொட்டகையில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும்.

பெரியவர் சொன்ன கைச்சோதனை இதுதான். ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேலே எடுத்து வைத்துவிட வேண்டும். பக்கத்து மூடியின் திருகுகளைக் கழற்றி, மோட்டாரிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிரிக்க வேண்டும். எலி கடித்த தடம், குளவி மண்ணால் கட்டிய கூடு, இவற்றை எல்லாம் முதலில் பார்த்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். மோட்டாரின் காற்றுத் துளைக்குள் குளவி கூடு கட்டியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். சுவர் எங்கும் ஒரே கனம், வாயில் மட்டும் சன்னமான விளிம்பு. உடைக்க மனமே வரவில்லை. அதன் பிறகு சக்கரத் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று தட்டினால் அது பெல்ட். வருடக்கணக்கில் புல்லியை அணைத்தபடி ஒரே வளைவில் நின்றதால் ரப்பர் அந்த வளைவையே தன் உருவமாக்கிக்கொண்டிருக்கும். குறுக்கே வெடிப்பு இல்லையென்றால், கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும் தானே நெகிழ்ந்துவிடும். 'கரகர' என்று சுற்று முழுக்கக் கேட்டால் பேரிங். தட்டு ஒரு பக்கம் ஏறி இறங்கினால் ஷாஃப்ட்டையோ தட்டுக்கு அடியில் காய்ந்து ஒட்டிய மண்ணையோ பார்க்க வேண்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பிரித்த இரண்டு ஒயர்களின் முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடியும் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். நல்ல மோட்டாராக இருந்தால் தட்டு சட்டென்று கனத்துவிடும். யாரோ அடியில் பிடித்து இழுப்பது கையில் தெரியும். முனைகளைப் பிரித்தால் பழையபடி லேசாகும். காரணம் எளிது. நிலைக்காந்தம் வைத்த டிசி மோட்டாரைக் கையால் சுழற்றினால் அது மின்சாரம் உண்டாக்கும். முனைகள் சேர்ந்திருந்தால் அந்த மின்சாரம் மோட்டாருக்குள்ளேயே ஓடி, சுழற்றும் கையை எதிர்க்கும். தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மோட்டார் பல சுற்றுச் சுற்றிவிடுவதால் அந்த எதிர்ப்பு நன்றாகவே உறைக்கும். மல்டிமீட்டர் இருந்தால் முனைகளைச் சேர்க்காமல் அதில் பார்க்கலாம். 180 வோல்ட் மோட்டாரில், மெதுவாகச் சுற்றினாலே சில வோல்ட் ஏறும். வேகம் கூட்டினால் பத்து, இருபது என்று போகும். மீட்டரே இல்லாத கிராமத்திலும் இரண்டு முனையை முறுக்கிப் பார்க்க யாராலும் முடியும். காந்தம் வலுவோடு இருக்கிறது, ஆர்மேச்சரைக் கார்பன் பிரஷ் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதற்கு அந்த இழுப்பு ஒன்றே போதும். சில சக்கரங்களில் ஏசி இண்டக்‌ஷன் மோட்டார் இருக்கும். அவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. அவை உறுமிக்கொண்டே நின்று, கையால் ஒரு தள்ளு கொடுத்ததும் ஓடினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

மின் சக்கரத்தை அறிய அதை முதலில் கைச்சக்கரமாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோல் கொண்டு சுழற்றிய காலத்தின் கை அதன் நோயை மீட்டரைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

நண்பரின் சக்கரத்தில் இழுப்பு வரவில்லை. ஒயரை முறுக்கினாலும் பிரித்தாலும் தட்டு ஒரே லேசாகத்தான் சுற்றியது. எங்கோ தொடுகை அறுந்திருக்கிறது. மோட்டாரின் இரு பக்கமும் காசு நுழையும் அளவு பிளவு கொண்ட பிளாஸ்டிக் மூடிகள். ஒன்றைத் திருகியதும் ஸ்பிரிங் துள்ளியது. அதன் நுனியில் கார்பன் பிரஷின் கருங்கட்டி சுலபமாக வெளியே வந்தது. மற்றது வரவில்லை. மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை மெல்ல இழுத்தும் கார்பன் அசையவில்லை. பித்தளைக் கூட்டின் சுவரில் உப்புப் பூத்து, அதன் மேல் களிமண் தூள் படிந்து, கட்டி உள்ளேயே இறுகியிருந்தது. ஸ்பிரிங் தள்ளினாலும் இப்போது அது கம்யூட்டேட்டரின் செம்பைத் தொடவில்லை. மயிரிழை இடைவெளிதான்.

கூடவே வந்திருந்த மோட்டார் கடைப் பெரியவர் டார்ச்சை உள்ளே அடித்து, ஆர்மேச்சரை விரலால் உருட்டிக் காட்டினார். கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் சுற்றிலும் மங்கிய பழுப்பாக இருந்தன. எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் நீண்ட சதுரமாகக் கரும்பச்சைத் திட்டு. கார்பனின் முகம் எந்த அளவோ அதே அளவு. அத்தனை வருடமும் கார்பன் எந்த இடத்தில் அமர்ந்திருந்ததோ அந்த இடம் அப்படியே பதிந்திருந்தது. ஈரம் நடுவில் வந்தால் கார்பனும் செம்பும் சேர்ந்து ஒரு மிகச் சிறிய பேட்டரி ஆகிவிடும். செம்பு அரிக்கத் தொடங்கும். பெரிய டிசி மோட்டார்களை நெடுநாள் நிறுத்தி வைக்கும் ஆலைகளில் கார்பனைத் தூக்கி வைத்துவிடும் வழக்கம் இதற்காகத்தான்.

நான் உப்புத்தாளை எடுத்துப் பட்டைகளைப் பளபளவென்று தேய்த்துவிடலாமா என்று கேட்டேன். அவர் பதறிவிட்டார். "அந்தப் பழுப்பை எடுத்துடாதீங்க. அது ஓடி ஓடி வந்த நெறம். பச்சையை மட்டும் எடுங்க." நன்றாக ஓடும் மோட்டாரில் செம்பின் மீது ஆக்சைடும் கரியும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் உருவாகும். கார்பன் செம்பைத் தேய்க்காமல் வழுக்கிச் செல்வது அந்தப் படலத்தின் மீதுதான். அது போனால் தீப்பொறி கூடும், கார்பன் மளமளவென்று தேயும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு: வெளியிலிருந்து வந்ததல்ல, கூடவே பிறந்தது, நீக்கியாக வேண்டியது. அந்த உவமையோடு வளர்ந்த எனக்கு, நீக்கக் கூடாத ஒரு களிம்பும் செம்பில் உண்டு என்பது புதிதாக இருந்தது. ஓட்டத்தில் வந்தது காக்கும், நிற்கும்போது வந்தது அரிக்கும். இரண்டும் ஒரே செம்பின் மேல்தான்.

திட்டுகளை நைஸான உப்புத்தாளால் மட்டும் எடுத்தோம். எமரித்தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்துவிடும் என்றார். பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை மூங்கில் குச்சியின் நுனியால் கீறித் தூளை ஊதி எடுத்தோம். பித்தளைக் கூட்டைத் துடைத்து, கார்பன் தன் எடையிலேயே இறங்குகிறதா என்று பார்த்தோம். ஒயர் முனைகளை முறுக்கியதும் தட்டு கனத்தது.

அன்றிலிருந்து இந்த மெல்லிய படலங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேரிங்கிலும் அதே கதைதான். உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கிரீஸின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் நிற்கிறது. சுழற்சி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். சுழற்சி நின்றால் எண்ணெய் மெல்லப் பிரிந்து ஒதுங்கும். உருண்டை ஒரே இடத்தில் இரும்போடு இரும்பாக அமரும். ஈரம் புகுந்தால் உருண்டைகள் அமர்ந்த இடைவெளிக்குச் சரியாகக் குழிகள் விழும். அப்படி விழுந்த குழியை எந்த எண்ணெயாலும் நிரப்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும்; ஷாஃப்ட் 25 மில்லிமீட்டர். 04இலிருந்து மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எந்த டவுனிலும் பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டருக்குள்ளும் ஒரு படலம் இருக்கிறது. அலுமினியத் தகட்டின் மீதுள்ள ஆக்சைடுதான் அங்கே மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. அவ்வப்போது மின்னழுத்தம் கிடைத்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். வருடக்கணக்கில் கிடைக்காவிட்டால் நலிந்துபோகும். நலிந்த நிலையில் 230 வோல்ட் ஏசி நேராக வந்து, டிசியாக மாறி 325 வோல்ட்டாகத் தாக்கினால் கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கக்கூடும். கரண்டு கொடுக்காதே என்று பெரியவர் சொன்னதில் இதுவும் அடக்கம். முதல் தடவை அவர் சீரிஸ் பல்பு வழியாகத்தான் கொடுப்பார். 100 வாட்ஸ் குண்டு பல்பை லைனில் தொடராகக் கோத்தால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு பிரகாசமாக எரியுமே தவிர, போர்டு கருகாது. ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை பல்புதான் வேண்டும். கிடைப்பது அரிதாகிவிட்டது. பார்த்த இடத்தில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் சில நிமிடமாவது விட்டு, மீட்டரில் பார்த்த பிறகே போர்டில் கை வைக்க வேண்டும்.

செம்பின் மீது ஒரு படலம், பேரிங்கில் ஒரு படலம், அலுமினியத்தின் மீது ஒரு படலம். மூன்றையும் உயிரோடு வைத்திருப்பது ஓட்டமே. பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்து நாம் மூடி வைக்கும்போது, அந்த இயந்திரம் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் ஒரே வழியை அடைத்துவிடுகிறோம். அதனால்தான் திரும்ப எடுக்கும்போது அவசரம் கூடாது. தார்ப்பாய்க்குள்ளிருந்து எடுத்தவுடன் பழைய வேகத்தைக் கேட்பது நியாயமில்லை. மண்ணில்லாமல், மெதுவான வேகத்தில், அரைமணி நேரம் சும்மா ஓடவிட வேண்டும். கார்பனின் முகம் செம்பின் வளைவுக்குப் பொருந்தி அமர அந்த நேரம் தேவைப்படுகிறது.

பெடல் வேறு வகை. அதற்குள் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூமைப் போன்ற ஒன்று இருக்கிறது. கரித்தடத்தின் மேல் ஒரு சிறு உலோக விரல் நகரும். அதில் தூசி படிந்தால் சக்கரம் ஒரு இடத்தில் தயங்கி, அடுத்த இடத்தில் பாயும். காலை எடுத்தாலும் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும். போர்டில் குறைந்தபட்ச வேகத்துக்கென்று ஒரு திருகு உண்டு. ஊர்வதைக் கண்டதும் அதைத் திருப்பிவிடத் தோன்றும். முதலில் வால்யூமில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, முழுத் தூரமும் பல தடவை அசைத்துப் பார்க்க வேண்டும். அழுக்கை வைத்துக்கொண்டு திருகைத் திருப்பினால், அழுக்கு போன பிறகு திருகு தவறான இடத்தில் நிற்கும்.

எர்த்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வனைகிறவரின் கை எப்போதும் ஈரம், முழங்கால் இரும்புச் சட்டத்தில் படும், காலடியில் சேறு. மழை ஈரம் ஏறிய மோட்டாரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே கசிவு இருந்தால் அது நம் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெக்கர் என்ற கசிவுச் சோதனைக் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை வெயிலில் வைத்தோ, பக்கத்தில் பல்பு எரியவிட்டோ உலர்த்த வேண்டும். மூன்று பின் ப்ளக்கில் எர்த் உண்மையில் இருக்கிறதா, வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிவில் விழும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்காமல் மண்ணை நனைக்காதீர்கள்.

பிறகுதான் மண். சும்மா ஓடும்போது குறை தெரியாத சக்கரம், இரண்டு கிலோ மண்ணை மையத்தில் நிறுத்த உள்ளங்கையை அழுத்தும்போது உண்மையைச் சொல்லிவிடும். வேகம் தொய்ந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது கார்பன் இன்னும் அமரவில்லை. புறநானூற்றின் 32ஆம் பாட்டில் கோவூர் கிழார், குயவர் வீட்டுப் பிள்ளைகள் சக்கரத்தில் வைத்த பச்சைமண் அவர்கள் எண்ணியபடி உருவாவதைப் போல நாடு நலங்கிள்ளியின் எண்ணப்படி ஆகும் என்கிறார். எண்ணியபடி ஆவதற்குச் சக்கரம் நேராகச் சுற்ற வேண்டும் என்பதைக் குயவர்கள் அறிவார்கள். பேரிங்கில் ஒரு குழி இருந்தால் சுவரில் சீரான இடைவெளியில் நெளிவு விழும். பெடல் ஒரு கணம் பாய்ந்தால் அந்தக் கணம் வரியாக நிற்கும். நண்பர் முதலில் வனைந்த கலயத்தின் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தோம். வரிகள் சீராக ஏறின. உள்ளங்கைக்கும் மண்ணுக்கும் நடுவே நீரும் சேறும் கலந்த ஒரு படலம் இருக்கிறது. அது வற்றினால் கை மண்ணைப் பிடித்து இழுத்துக் கோணலாக்கிவிடும். வனைகிறவர் யோசிக்காமலே அதைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பிக்கிறார். அதே கவனத்தை மூடிக்குள் இருக்கும் படலங்களுக்கும் கொடுக்க அவருக்குத் தெரியாதா என்ன?

தெரியும், சொல்லிக்கொடுத்தால். வில்லியனூர்ப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு முதிய குயவரின் பழைய சக்கரம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. களிமண்ணும் நாரும் பிசைந்து அவரே கட்டிய விளிம்பு. அச்சாணி முனையில் எண்ணெய் விடுவது, வெடித்த விளிம்பை மண் வைத்துப் பூசுவது, எல்லாம் அவர் கையிலேயே இருந்தது. பிறகு மின் சக்கரம் வந்தது. காதி கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் நாடெங்கும் குயவர்களுக்கு மின் சக்கரங்களை வழங்கி வருகிறது. தோள்பட்டையின் உழைப்பை அது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதை அந்தக் குயவரே சொல்வார். ஆனால் கருவியைக் கட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த மனிதர், நாலு திருகு போட்ட மூடிக்கு முன்னால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில் வனையச் சொல்லிக்கொடுத்தார்கள். மூடியைக் கழற்றச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதி அறிவு வெளியூர்க் கடையில் இருக்கும்படி ஒரு தொழிலை விடக் கூடாது. அந்தக் காத்திருப்பில்தான் சக்கரம் நிரந்தரமாக நின்றுபோகிறது.

போன தைக்குப் பிறகு அவர் மகள் கூப்பிட்டாள். மழைக்காலம் முழுக்க நின்ற சக்கரம் சுற்றவில்லை. நான் எதையும் தொடவில்லை. திருகுளியை அவள் கையில் கொடுத்தேன். ப்ளக்கைப் பிடுங்கி மேலே வைத்தாள், மூடியைக் கழற்றினாள், ஒயர்களைப் பிரித்து முறுக்கினாள், தட்டைச் சுற்றினாள்.

"இழுக்கலையே அண்ணா."

"அப்படின்னா எங்க பாக்கணும்?"

மோட்டாரின் பக்கத்து மூடிக்கு ஒரு ரூபாய்க் காசைத் தேடினாள். இரண்டு கார்பனும் கூட்டுக்குள் தேய்ந்து குட்டையாகிவிட்டிருந்தன. ஸ்பிரிங்குகள் எட்டும் தூரம் முடிந்துவிட்டது. குயவர் ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டார். அவள் பழைய கார்பனின் அகலத்தையும் கனத்தையும் ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டாள். பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணையும் அதற்குக் கீழே எழுதினாள், அதிலும் குறுக்கே வெடிப்பு இருந்ததால். கடை மூடுவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தாள்.